சார்புப் பாதையும் தொடக்க இடமும்: கணினிவழித் தமிழாய்வுத் திட்டங்களில் கோப்புகளைச் சுட்டும் முறை

ஆய்வுச் சுருக்கம்

கணினிவழித் தமிழாய்வில் மூலபாடம், நிரல், ஆய்வு விளைவு ஆகியன தனித்தனிக் கோப்புகளாகப் பல கோப்புறைகளில் வைக்கப்படுகின்றன. ஒரு கோப்பு மற்றொரு கோப்பைச் சுட்டுவதற்குப் பெரும்பாலும் சார்புப் பாதை பயன்படுகிறது. சார்புப் பாதையின் பொருள் அதில் எழுதப்பட்ட குறிகளால் மட்டும் அமைவதில்லை. அது எவ்விடத்திலிருந்து படிக்கப்படுகிறது என்பதாலும் அமைகிறது. நிரல்களும் ஆவணங்களும் அத்தொடக்க இடத்தை வெவ்வேறு முறையில் கொள்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையால் பிழையான பதிப்பிலிருந்து தரவு பெறப்படும் நிலையும் நேரலாம் என்பதையும் அதனைத் தவிர்க்கும் நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: சார்புப் பாதை, முழுப்பாதை, நடப்புக் கோப்புறை, தொடக்க இடம், பாடவேறுபாடு, ஒருங்குறி.

முன்னுரை

மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றதிலிருந்து தமிழ் இலக்கியங்களின் மின்பதிப்புகள் ஆய்வாளர்களுக்கு எளிதில் கிடைத்து வருகின்றன. அவற்றைக் கொண்டு சொல்லடைவு அமைத்தல், சொல் நிகழ்வெண்ணிக்கை காணல், பதிப்புகளை ஒப்பிடல் முதலிய பணிகளைத் தமிழாய்வாளர்கள் தாமே சிறு நிரல்கள் எழுதி மேற்கொள்கின்றனர். இத்தகைய பணி, அளவில் சிறியதாயினும், அமைப்பில் ஒரு மென்பொருள் திட்டமே ஆகும்.

இத்திட்டங்களில் தொடக்கநிலை ஆய்வாளரை மிகுதியும் இடர்ப்படுத்துவது நிரல்மொழியின் இலக்கணம் அன்று. 'கோப்பு காணப்படவில்லை' என்னும் செய்தியே அவரைப் பலகாலும் தடுத்து நிறுத்துகிறது. கோப்பு கண்ணெதிரே கோப்புறையில் இருக்கும். நிரலோ அது இல்லை என்னும். நேற்று இயங்கிய நிரல் இன்று இயங்காது. ஆய்வாளரின் கணினியில் இயங்குவது நெறியாளரின் கணினியில் இயங்காது. இம்முரண்களுக்கெல்லாம் பொதுவான காரணம் ஒன்று உண்டு. அதனை அறிவதற்குக் கோப்புப் பாதை என்னும் கருத்தினை முதலில் தெளிதல் வேண்டும்.

1. கோப்புறை மரமும் பாதையும்

கோப்புகளைக் கிளைத்துச் செல்லும் மர அமைப்பில் வைக்கும் முறையை மல்டிக்ஸ் இயங்குதளத்திற்கென டேலி, நியூமன் ஆகிய இருவரும் 1965இல் வெளியிட்ட கட்டுரை விரித்துரைத்தது. அம்முறையை எளிமையாக்கிப் பரவச் செய்தது யூனிக்ஸ். டென்னிஸ் ரிட்ச்சியும் கென் தாம்சனும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இன்று வழங்கும் குறியீடுகள் யாவும் இடம்பெற்றுள்ளன. அம்முறையில் மரத்தின் வேர் '/' என்னும் சாய்கோட்டால் குறிக்கப்படும். ஒவ்வொரு கோப்புறையிலும் இரு பெயர்கள் தவறாது அமைந்திருக்கும். '.' என்னும் ஒற்றைப்புள்ளி அக்கோப்புறையையே குறிக்கும், '..' என்னும் இரட்டைப்புள்ளி அதற்கு மேலுள்ள தாய்க் கோப்புறையைக் குறிக்கும். வேருக்கு மேல் ஒன்றின்மையால் அங்கு இரட்டைப்புள்ளியும் வேரையே சுட்டும்.

பாதை இருவகைப்படும். வேரிலிருந்து தொடங்கிக் கோப்பு வரை எல்லாக் கோப்புறைகளையும் முறையாகச் சொல்வது முழுப்பாதை. வேரைச் சொல்லாது, இருக்கும் இடத்திலிருந்து செல்லும் வழியை மட்டும் சொல்வது சார்புப் பாதை. சாய்கோட்டில் தொடங்குவது முழுப்பாதை என்பதும் அவ்வாறு தொடங்காதது சார்புப் பாதை என்பதும் யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸ், மேக் இயங்குதளங்களில் பொதுவிதி. விண்டோஸில் முழுப்பாதை பெரும்பாலும் 'சி:' போன்ற வட்டுப் பெயரோடு தொடங்கும். பிரிப்புக் குறியாகப் பின்சாய்கோடு வழங்கும். 1983இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் இரண்டாம் பதிப்பில் கோப்புறை முறை புகுந்தபோது, முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பக்குறியாக முன்னரே பயன்பட்டு வந்தமையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

2. எடுத்துக்காட்டுத் திட்டம்

கருத்தினை விளக்கக் குறுந்தொகைச் சொற்களை எண்ணும் ஒரு திட்டத்தைக் கற்பனையாகக் கொள்ளலாம். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாராலும் 1937இல் உ.வே.சாமிநாதையராலும் பதிப்பிக்கப்பெற்றது. ஆய்வாளர் முதலில் 1915ஆம் ஆண்டுப் பதிப்பைத் தட்டச்சு செய்து 'ஆய்வு' என்னும் கோப்புறையில் வைத்திருந்தார் எனவும், பின்னர் 1937ஆம் ஆண்டுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு தனித்திட்டம் ஒன்றை அமைத்தார் எனவும் கொள்வோம். கோப்பு வகையைக் காட்டும் ஈற்றுப்பகுதிகளை விடுத்து நோக்கின், கோப்புறை அமைப்பு பின்வருமாறு இருக்கும்:

/ஆய்வு/மூலம்/குறுந்தொகை (1915ஆம் ஆண்டுப் பதிப்பு)
/ஆய்வு/திட்டம்/மூலம்/குறுந்தொகை (1937ஆம் ஆண்டுப் பதிப்பு)
/ஆய்வு/திட்டம்/நிரல்/சொல்லெண்ணி
/ஆய்வு/திட்டம்/விளைவு/சொற்பட்டியல்

'சொல்லெண்ணி' என்னும் நிரலில் மூலபாடத்தைத் திறக்கும் வரி '../மூலம்/குறுந்தொகை' என எழுதப்பட்டுள்ளது. நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்து ஒருபடி மேலேறி, 'மூலம்' என்னும் கோப்புறைக்குள் இறங்கி, 'குறுந்தொகை' என்னும் கோப்பைத் திறக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கருத்து. ஆனால் அவ்வரியில் 'நிரல் இருக்கும் கோப்புறையிலிருந்து' என்னும் பகுதி எழுதப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. அது ஆய்வாளரின் மனத்தில் மட்டுமே உள்ளது.

3. நடப்புக் கோப்புறை

இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் நடப்புக் கோப்புறை என ஒன்றை இயங்குதளம் வகுத்து வைக்கிறது. நிரலில் வரும் சார்புப் பாதைகள், வேறு விதி கூறப்படாதவிடத்து, அந்நடப்புக் கோப்புறையிலிருந்தே எண்ணப்படும். நிரல் எக்கோப்புறையில் எழுதி வைக்கப்பட்டுள்ளது என்பது இதில் கருதப்படுவதில்லை. அஃது எங்கிருந்து இயக்கப்பட்டது என்பதே கருதப்படும்.

மேற்கண்ட நிரலை மூன்று இடங்களிலிருந்து இயக்கினால் நிகழ்வன வருமாறு:

முதலாவது, கட்டளைச் சாளரத்தில் '/ஆய்வு/திட்டம்/நிரல்' என்னும் கோப்புறைக்குச் சென்று இயக்குதல். இங்கு இரட்டைப்புள்ளி '/ஆய்வு/திட்டம்' என்பதைக் குறிக்கும். 1937ஆம் ஆண்டுப் பதிப்பு திறக்கப்படும். ஆய்வாளர் கருதியதும் இதுவே.

இரண்டாவது, வேறொரு தொடர்பற்ற கோப்புறையிலிருந்து முழுப்பாதை கொடுத்து நிரலை இயக்குதல். அக்கோப்புறைக்கு மேலே 'மூலம்' என ஒன்று இல்லாமையால் 'கோப்பு காணப்படவில்லை' என்னும் செய்தி தோன்றும், நிரல் நின்றுவிடும்.

மூன்றாவது, '/ஆய்வு/திட்டம்' என்னும் கோப்புறையில் இருந்தவாறே 'நிரல்/சொல்லெண்ணி' என்பதை இயக்குதல். இங்கு நடப்புக் கோப்புறை 'திட்டம்' ஆதலின், இரட்டைப்புள்ளி '/ஆய்வு' என்பதைக் குறிக்கும். பாதை '/ஆய்வு/மூலம்/குறுந்தொகை' என விரியும். அங்கும் ஒரு கோப்பு இருக்கிறது. அது 1915ஆம் ஆண்டுப் பதிப்பு. நிரல் எவ்விதத் தடையுமின்றி அதைப் படித்துச் சொற்களை எண்ணிப் பட்டியலிடும்.

இரண்டாவது நிலையில் பிழை தன்னைத் தானே அறிவிக்கிறது. ஆய்வாளர் சிறிது காலம் இழப்பதன்றி வேறு கேடு இல்லை. மூன்றாவது நிலையே அஞ்சத்தக்கது. பிழைச்செய்தி எதுவும் தோன்றவில்லை. பட்டியலும் நிறைவாகவே காணப்படும். ஆயின் அது தலைப்பில் குறிக்கப்பட்ட பதிப்பின் பட்டியல் அன்று. பாடவேறுபாடு உள்ள இடங்களில் ஒரு சொல் உண்டு எனவும் இல்லை எனவும் இப்பட்டியலைக் கொண்டு முடிவு கூறப்பட்டால், அம்முடிவு எப்பதிப்புக்கு உரியது என்பதே பிறழ்ந்துவிடும். ஏடு பெயர்த்தெழுதுவோர் செய்த பிழையைப் பிற்காலப் பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்பிட்டுக் கண்டறிய இயன்றது. இங்கோ, நிரலையும் மூலத்தையும் ஒருசேர ஒப்பிட்டாலும் பிழை புலப்படாது; இரண்டும் தம்மளவில் சரியாகவே உள்ளன. நிரல் எவ்விடத்திலிருந்து இயக்கப்பட்டது என்னும் செய்தி எக்கோப்பிலும் பதிவாகாமல் மறைந்துவிடுகிறது.

நடப்புக் கோப்புறை எதுவென்பது ஆய்வாளர் அறியாமலே மாறக்கூடியது. ஜுபிட்டர் குறிப்பேடு, பொதுவாகத் தான் இருக்கும் கோப்புறையையே நடப்புக் கோப்புறையாகக் கொள்ளும். நிரல் திருத்திகள் பல, திறந்து வைக்கப்பட்ட திட்டத்தின் மேல்நிலைக் கோப்புறையைக் கொள்ளும். லினக்ஸில் குறித்த நேரத்தில் தானே இயங்குமாறு 'கிரான்' வழி அமைக்கப்பட்ட நிரல், பயனரின் இல்லக் கோப்புறையிலிருந்து தொடங்கும். குறிப்பேட்டில் நன்கு இயங்கிய ஒரு வரியை எடுத்துத் தனிநிரலில் எழுதியதும் அது இயங்காமற் போவதற்கு இதுவே காரணம்.

4. ஆவணங்களின் விதி

நிரலுக்குக் கூறிய விதி ஆவணங்களுக்குப் பொருந்தாது. எச்.டி.எம்.எல். பக்கத்தில் உள்ள இணைப்பும், எக்ஸ்.எம்.எல். ஆவணம் மற்றோர் ஆவணத்தைச் சுட்டும் சுட்டும், அவ்வாவணம் அமைந்துள்ள இடத்திலிருந்தே பொதுவாக எண்ணப்படும். இணைய முகவரிகளுக்கான இவ்விதி 1995இல் ஆர்.எஃப்.சி. 1808 என்னும் ஆவணத்தில் தனியாக வகுக்கப்பட்டு, 2005இல் ஆர்.எஃப்.சி. 3986இல் பொதுவிதியாக அமைந்தது. இதன்படி ஒவ்வொரு சார்பு முகவரிக்கும் 'அடிமுகவரி' ஒன்று உண்டு. ஆவணம் தன்னுள்ளே வேறொன்றை அடிமுகவரியாக அறிவிக்குமாயின் அதுவே கொள்ளப்படும். அறிவிக்காவிடின் ஆவணம் பெறப்பட்ட முகவரி கொள்ளப்படும். எக்ஸ்.எம்.எல். ஆவணங்களில் இவ்வறிவிப்பைச் செய்தற்கான பண்புக்கூறு 2001இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. டி.இ.ஐ. நெறியில் இலக்கியங்களைக் குறியிடுவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

எனவே 'விளைவு' என்னும் கோப்புறையில் உள்ள வலைப்பக்கம் ஒன்றில் '../மூலம்/குறுந்தொகை' என எழுதினால், அப்பக்கம் எவ்வாறு திறக்கப்படினும் '/ஆய்வு/திட்டம்/மூலம்/குறுந்தொகை' என்பதையே அது சுட்டும். அப்பக்கத்தை 'விளைவு/அகம்' என உள்ளே ஒரு கோப்புறை அமைத்து அதற்கு மாற்றினால், இணைப்பை '../../மூலம்/குறுந்தொகை' என மாற்ற வேண்டும். அதாவது, நிரலில் எழுதிய பாதை இயக்கும் இடம் மாறினால் பிறழும். ஆவணத்தில் எழுதிய பாதை ஆவணத்தின் இடம் மாறினால் பிறழும். ஒரே எழுத்துத்தொடர் ஒரே திட்டத்தில் ஈரிடத்து வந்து இருவேறு பொருள் தரக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

வலைப்பக்கத்தில் சாய்கோட்டில் தொடங்கும் முகவரியும் கவனிக்கத்தக்கது. இணையத்தளத்தில் அது தளத்தின் வேரைக் குறிக்கும். பக்கத்தைக் கணினியிலிருந்தே நேரடியாகத் திறந்தால் கணினியின் கோப்பு மரத்தினது வேரைக் குறிக்கும். தளத்தில் சரியாகத் தோன்றிய படங்கள் குறுவட்டிலோ விரலியிலோ படியெடுத்துத் திறக்கும்போது காணாமற் போவது இதனாலேயே.

5. இடம் என்னும் இலக்கணக் கருத்து

சொல்லின் பொருள் சொல்வோன் நிற்கும் இடத்தைப் பற்றி நிற்றல் தமிழிலக்கண மரபுக்குப் புதிதன்று. 'அ', 'இ', 'உ' என்னும் சுட்டுகள் தாமாக ஒரு பொருளையும் குறியா. சேய்மை, அண்மை முதலியன நோக்கியே பொருள்படும். தொல்காப்பியக் கிளவியாக்கம் செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கையும் இடத்தோடு சார்த்தி விதி கூறுகிறது. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியனவாக அங்குப் பிரிக்கப்படுகின்றன. இயக்கம் ஒன்றேயாயினும், அது எவ்விடம் நோக்கி நிகழ்கிறது என்பதற்கேற்பச் சொல் வேறுபடுகிறது.

சார்புப் பாதையில் வரும் இரட்டைப்புள்ளியையும் இத்தகைய சுட்டு எனக் கொள்ளலாம். 'மேலே உள்ளது' என்பது எதற்கு மேல் என அறியாதவரை பொருளற்றது. ஆயினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. உரையாடலில் கேட்போன் சொல்வோனைக் காண்கிறான்; ஐயம் தோன்றின் வினவுகிறான்; சூழலால் கருத்தை உணர்கிறான். கணினி வினவுவதில்லை. சுட்டப்பட்ட இடத்தில் அப்பெயரில் எது இருப்பினும் அதனையே எடுத்துக்கொள்ளும். எனவே பேச்சில் சொல்லாமலே விளங்கும் இடத்தைக் கணினியில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

6. முழுப்பாதை தீர்வாகுமா?

எல்லாப் பாதைகளையும் முழுப்பாதையாக எழுதிவிட்டால் இடர் நீங்கும் எனத் தோன்றலாம். ஒரே கணினியில், ஒருவரே, கோப்புறைப் பெயர்களை மாற்றாது பணிபுரியும் வரை அது உண்மை. ஆயின் முழுப்பாதையில் கணினியின் வட்டுப் பெயரும், பலவேளை பயனரின் பெயரும் இடம்பெறும். அத்திட்டத்தை நெறியாளருக்கோ மதிப்பீட்டாளருக்கோ அனுப்பினால், அவர்தம் கணினியில் அப்பெயர்கள் இரா. நிரல் முழுவதும் தேடி ஒவ்வொரு பாதையையும் அவர் திருத்த வேண்டியிருக்கும். பெரும்பாலோர் அதனைச் செய்யார். விளைவுகளைப் பிறர் சரிபார்க்க இயலாத ஆய்வாக அது நின்றுவிடும்.

சார்புப் பாதையின் சிறப்பு இங்கே புலனாகிறது. திட்டம் முழுவதும் ஒரே கோப்புறைக்குள் அமைந்து, உள்ளிருக்கும் கோப்புகள் ஒன்றையொன்று சார்புப் பாதையால் சுட்டுமாயின், அக்கோப்புறையை எங்குப் பெயர்த்தாலும் உட்தொடர்பு கெடாது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியும் கோப்புகளைத் திட்டத்தின் மேல்நிலைக் கோப்புறை சார்ந்தே பதிவு செய்கிறது. ஆகவே வேண்டுவது சார்புப் பாதையைக் கைவிடுதல் அன்று. அதன் தொடக்க இடத்தை உறுதிப்படுத்துதலே ஆகும்.

7. தமிழ்ப் பெயரிட்ட கோப்புகள்

பாதை என்பது பெயர்களின் தொடர். தொடக்க இடம் சரியாக இருப்பினும் பெயரில் ஒரு குறி மாறினால் கோப்பு கிடைக்காது. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இவ்விடரைத் தருகிறது. லினக்ஸ் இரண்டையும் வேறாகக் கருதும்; விண்டோஸ் பொதுவாக ஒன்றாகக் கருதும். தமிழில் இவ்வேறுபாடு இல்லை. ஆயின் தமிழுக்கே உரிய வேறு இடர்கள் உள்ளன.

ஒருங்குறியில் 'ொ', 'ோ', 'ௌ' ஆகிய உயிர்க்குறிகளை ஒரே குறியாகவும் எழுதலாம். இரு குறிகளின் சேர்க்கையாகவும் எழுதலாம். 'குறுந்தொகை' என்னும் பெயர் முதன்முறையில் 10 குறிகளும், யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் 30 பைட்டுகளும் பெறும். 'தொ' என்பதிலுள்ள உயிர்க்குறி பிரித்தெழுதப்பட்டால் 11 குறிகளும் 33 பைட்டுகளும் பெறும். திரையில் இரண்டும் வேறுபாடின்றித் தோன்றும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸில் பரவலாக உள்ள ஈ.எக்ஸ்.டி.4 முறைமை, இயல்பான அமைப்பில், பைட்டுகளை அவ்வாறே ஒப்பிடும். ஆதலின் ஒன்றில் உருவான கோப்பு மற்றொன்றில் 'காணப்படாமல்' போகலாம். ஒருங்குறி வரையறுத்துள்ள இயல்பாக்க வடிவங்களுள் ஒன்றை, குறிப்பாகச் சேர்த்தெழுதும் வடிவை, திட்டம் முழுவதற்கும் கொண்டால் இவ்விடர் நீங்கும்.

இயல்பாக்கத்தாலும் நீங்காத பிழை ஒன்றுண்டு. 'சௌரிப்பெருமாள்' என்பதில் வரும் ஔகாரக் குறிக்கு மாறாக எகரக் குறியையும் 'ள' என்னும் எழுத்தையும் அடித்துச் 'செளரிப்பெருமாள்' என எழுதுவது பரவலாகக் காணப்படுகிறது. கணினிக்கு இவை முற்றிலும் வேறான இரு பெயர்கள். பல எழுத்துருக்களில் கண்ணால் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. பதிப்பாசிரியர் பெயரால் கோப்புறை அமைப்போர் இதனை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

8. பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து தமிழாய்வுத் திட்டங்களுக்குப் பின்வரும் நெறிகளைப் பெறலாம்.

அ. திட்டத்திற்கு மேல்நிலைக் கோப்புறை ஒன்றை வரையறுத்து, மூலபாடம், நிரல், விளைவு யாவும் அதனுள் அமைய வேண்டும். அதற்கு மேலே ஏறிச் செல்லும் பாதை எதுவும் இருத்தல் ஆகாது.

ஆ. நிரல் தான் எழுதப்பட்டுள்ள கோப்பின் இடத்தைத் தானே அறிந்து, அதிலிருந்து மேல்நிலைக் கோப்புறையைக் கணித்து, எல்லாப் பாதைகளையும் அதனோடு சேர்த்து அமைக்க வேண்டும். பைத்தான் மொழியில் 2014இல் வெளிவந்த 3.4ஆம் பதிப்பு முதல் இதற்குரிய 'பாத்லிப்' என்னும் தொகுதி உள்ளது. இவ்வாறு செய்தால் மேற்கண்ட மூன்று நிலைகளிலும் 1937ஆம் ஆண்டுப் பதிப்பே திறக்கப்படும்.

இ. நிரல் தான் படித்த கோப்பின் விரிந்த முழுப்பாதையை, விளைவுப் பட்டியலின் தலைப்பிலேயே பதிவு செய்ய வேண்டும். அச்சிட்ட நூலில் பதிப்பு விவரம் குறிப்பதற்கு இது நிகரானது. மூன்றாவது நிலையில் நேர்ந்த பிழையை இவ்வொரு வரி உடனே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஈ. வெவ்வேறு பதிப்புகளுக்கு ஒரே பெயர் இடலாகாது. 'குறுந்தொகை-1915', 'குறுந்தொகை-1937' எனப் பெயரிட்டிருப்பின், தொடக்க இடம் பிறழ்ந்தபோது பிழைச்செய்தி தோன்றியிருக்குமேயன்றிப் பிறழ்ந்த தரவு கிடைத்திராது.

உ. திட்டத்தை ஒப்படைக்கும் முன், அதனை வேறு கோப்புறைக்குப் படியெடுத்து, வேறோர் இடத்திலிருந்து இயக்கிப் பார்த்து, முன்பு பெற்ற பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இயலுமாயின் மற்றொரு கணினியில் செய்தல் சிறப்பு.

முடிவுரை

சார்புப் பாதை என்பது செல்லும் வழியைக் கூறி, புறப்படும் இடத்தைக் கூறாது விடும் ஒரு குறிப்பு. நிரலாயின் அவ்விடம் இயக்கியவரின் நடப்புக் கோப்புறை. ஆவணமாயின் ஆவணம் அமைந்த கோப்புறை. இவ்வேறுபாடு தெளிவாயின் 'கோப்பு காணப்படவில்லை' என்னும் செய்தியின் காரணத்தை ஆய்வாளர் தாமே கண்டறிய இயலும். அதனினும் இன்றியமையாதது, அச்செய்தி தோன்றாதபோதும் ஐயுற்று நோக்கும் பழக்கம். எப்பதிப்பின் பாடம் என்பதைக் குறிக்காமல் மேற்கோள் காட்டுவதைத் தமிழாய்வுலகம் ஏற்பதில்லை. எக்கோப்பிலிருந்து பெறப்பட்டது என்பதைக் குறிக்காத சொற்பட்டியலையும் அவ்வாறே ஏற்காதிருத்தல், கணினிவழி ஆய்வுக்கும் பதிப்பு மரபின் ஒழுங்கைக் கொண்டுவரும்.